கிளை பிரியும் இடம்

கழுத்தின் பக்கவாட்டில், தாடைக்குக் கீழே விரல் வைத்தால் துடிப்பது கரோட்டிட் தமனி. குரல்வளையின் மேல்விளிம்பு உயரத்துக்கு வந்ததும் அது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மூளைக்குப் போகிறது, மற்றது முகத்துக்கும் தலையின் வெளிப்புறத்துக்கும். மூளைக்குப் போகும் கிளை தொடங்கும் இடத்தில் சற்றே புடைத்துப் பிறகு ஒடுங்கும். வயதில் மூத்தவர்களின் உடற்கூறாய்வில் இந்த இடத்தை நீளவாக்கில் பிளந்து விரித்தால் பார்ப்பவரை நிறுத்தி வைக்கும் ஒரு காட்சி உண்டு. ரத்தம் நேராக வந்து மோதி இரண்டாகப் பிளக்கும் அந்த முனை பெரும்பாலும் வழவழவென்று சுத்தமாக இருக்கும். அதற்கு எதிரே, புடைப்பின் வெளிச்சுவரில், மஞ்சள் திட்டு தடித்து நிற்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான்.

இரண்டு இடத்தையும் தொட்டுப் போனது ஒரே ரத்தம். அதே கொலஸ்ட்ரால், அதே சர்க்கரை, அதே பீடிப்புகை. உடம்பு முழுக்கச் சுற்றும் ஒரு பொருள்தான் நோய்க்குக் காரணம் என்றால் நோயும் உடம்பு முழுக்கச் சமமாக அல்லவா வந்திருக்க வேண்டும்? அப்படி வருவதில்லை. இதயத்தின் இடது முன் தமனியில் (எல்.ஏ.டி.) முதல் சில சென்டிமீட்டருக்குள், பெருந்தமனி வயிற்றில் இறங்கித் தொடைகளுக்குப் பிரியும் இடத்தில், சிறுநீரகத் தமனியின் வாயில், வளைவுகளின் உட்புறத்தில் என்று தனக்கான இடங்களைத் தேர்ந்துகொண்டுதான் வருகிறது. மார்பெலும்பின் பின்னால் ஓடும் உள்மார்புத் தமனியை அது ஏறத்தாழத் தீண்டுவதே இல்லை. மாரடைப்பைப் பற்றி நாம் வீட்டிலும் டீக்கடையிலும் பேசும் பேச்சில் இந்த ஓரவஞ்சனைக்கு இடமே இல்லை. எண்ணெய், முட்டை, ஆட்டுக்கறி, ‘டென்ஷன்’ என்று முடித்துவிடுகிறோம். நோயைப் புரிந்துகொள்ளும் வாசல் இந்த ஓரவஞ்சனையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

1960களின் இறுதியில் இதைப் பற்றி ஒரு நல்ல சண்டை நடந்தது. அமெரிக்காவில் டொனால்ட் ஃப்ரை நாய்களின் பெருந்தமனியில் ரத்தத்தை வேகமாக ஓடவிட்டுப் பார்த்தார். சுவரோடு ரத்தம் உரசும் விசை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 டைன் அளவை நெருங்கியபோது உள்சுவரின் செல்கள் உருக்குலைந்து பெயர்ந்தன. வேகமான உரசல் சுவரைக் காயப்படுத்துகிறது, காயத்தில் நோய் குடியேறுகிறது என்ற முடிவுக்கு இது இட்டுச் சென்றது. 1968இல் வந்த இந்த ஆய்வு கேட்டவுடன் நம்பக்கூடியது. அடுத்த ஆண்டே லண்டன் இம்பீரியல் கல்லூரியிலிருந்து காலின் காரோ, ஃபிட்ஸ்ஜெரால்ட், ஷ்ரோட்டர் என்ற மூவர் ‘நேச்சர்’ இதழில் இதற்கு நேர் எதிராக எழுதினார்கள். காரோ மருத்துவம் படித்தவர். திரவ இயக்கவியலின் பெரும்பெயரான ஜேம்ஸ் லைட்ஹிலோடு சேர்ந்து 1966இல் உடலுக்குள் ஓடும் நீர்மங்களை ஆராயவென்றே ஒரு பிரிவைத் தொடங்கியிருந்தார். மனிதத் தமனிகளைப் பிளந்து பார்த்து அவர்கள் சொன்னது இதுதான்: உரசல் மிகுந்த இடங்கள் தப்பிவிடுகின்றன, உரசல் குறைந்த இடங்களில்தான் ஆரம்பத் திட்டுகள் இருக்கின்றன.

ஆரம்பத்தில் பலருக்கு இது உவப்பாக இல்லை. மெல்ல உரசுவது எப்படிக் கெடுதல் செய்யும்? பிறகு கண்ணாடி மாதிரிகளும் லேசர் அளவீடுகளும் வந்தன. 1983இல் ஸாரின்ஸ், கிடன்ஸ், கிளாகோவ் ஆகியோர் கரோட்டிட் பிரிவின் மாதிரியில் ஓட்டத்தை அளந்து, பிணங்களிலிருந்து எடுத்த தமனிகளின் தடிப்போடு ஒப்பிட்டார்கள். 1985இல் டேவிட் கூ அவர்களோடு சேர்ந்து இன்னொன்றையும் காட்டினார். அந்தப் புடைப்பின் வெளிச்சுவரில் ரத்தம் மெதுவாக ஓடுவதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் ஒருகணம் முன்னால் போய், பின்னால் திரும்பி, மறுபடி முன்னால் போகிறது. இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அந்தச் சின்ன இடத்தில் இருக்கும் செல்களுக்கு ஒரு லட்சம் முறை திசை தடுமாறுகிறது.

இந்த உரசு விசையின் அளவை நினைத்துப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கிறது. ரத்த அழுத்தம் சுவரை வெளிப்பக்கம் தள்ளுகிறது. அதன் சராசரி ஏறத்தாழ 13,000 பாஸ்கல். உரசல் சுவரை ஓட்டத்தின் திசையில் இழுக்கிறது; ஆரோக்கியமான தமனியில் அது சுமார் ஒன்றரை பாஸ்கல். பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். இவ்வளவு பெரிய தள்ளலின் நடுவே இவ்வளவு சிறிய இழுவையை உணரத் தெரிந்தவை எண்டோதீலியம் எனப்படும் உள்சுவரின் ஒற்றை அடுக்குச் செல்கள். நேராக ஓடும் பகுதியில் அவை ஓட்டத்தின் திசையில் நீண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. கண்ணாடித் தட்டில் வளர்த்து மேலே திரவத்தைச் சீராக ஓடவிட்டால் ஒரு நாளுக்குள் அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்கின்றன. ஓட்டம் தடுமாறும் இடத்திலோ ஒழுங்கற்ற பலகோணங்களாக, திசை இல்லாமல் கிடக்கின்றன.

அவை எதைக் கொண்டு உணர்கின்றன என்பது இன்றைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துவருகிறது. ஆர்டெம் பட்டாபுடியன் 2010இல் கண்டுபிடித்த, 2021இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு வாங்கித்தந்த பீயெஸோ1 என்ற புரதம் இழுபட்டால் திறந்துகொள்ளும் வாயில். எண்டோதீலியத்தில் அது இருக்கிறது. சீரான உரசல் கிடைத்தால் செல்லின் கருவுக்குள் கே.எல்.எஃப்.2 போன்ற மரபணுக்கள் முடுக்கப்படுகின்றன. செல் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. அது தமனியைத் தளர்த்துகிறது, தட்டணுக்களை ஒட்டவிடாமல் வைக்கிறது, வெள்ளையணுக்களை எட்ட நிறுத்துகிறது. இந்தச் சுரப்பு இருப்பதே 1980இல்தான் தெரியவந்தது. புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனிக் கீற்றுகளை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். ஒரே மருந்து சில நேரம் தமனியைச் சுருக்கியது, சில நேரம் தளர்த்தியது. காரணம், கீற்றைத் தயாரிக்கும்போது உள்ளே இருந்த ஒற்றை அடுக்கு தெரியாமல் தேய்த்து அழிக்கப்பட்டிருந்ததுதான். அடுக்கு இருந்தால் தளர்ந்தது, போனால் சுருங்கியது. வெறும் பூச்சு என்று எல்லோரும் நினைத்திருந்த அந்த அடுக்கு தமனியின் குணத்தையே ஆள்கிறது என்பது அப்போது வெளிச்சமானது. 1998இல் இதற்காக அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் கிடைத்தது.

ஆக, ஓட்டம் தடுமாறும் இடத்தில் உள்ள செல்களுக்கு அந்தப் பாதுகாப்புச் சுரப்பு குறைவு. அவை எந்நேரமும் அரைகுறை விழிப்பில், சிறு தூண்டுதலுக்கும் சினக்கத் தயாராக இருக்கின்றன. அழற்சி முழுதாக எழவில்லை. எழுவதற்கான எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. குழந்தைப் பருவத்திலிருந்தே இது இப்படித்தான். உடம்பின் வடிவமே அதை ஏற்படுத்துகிறது. கிளை இல்லாமல், வளைவு இல்லாமல் ஒரு உடம்பை அமைக்க முடியாது. எகிப்து, பெரு, வட அமெரிக்கத் தென்மேற்கு, அலூஷியன் தீவுகள் என்ற நான்கு இடங்களிலிருந்து 137 மம்மிகளை ஸ்கேன் எடுத்து 2013இல் வெளியிட்ட ஆய்வில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தமனி நோயின் தடயம் இருந்தது. துரித உணவு இல்லாத காலம் அது.

தயார்நிலையில் இருக்கும் இந்தச் சுவரை ஊடுருவி, கொலஸ்ட்ராலைச் சுமக்கும் எல்.டி.எல். துகள்கள் உள்ளே போகின்றன. எல்லா இடத்திலும்தான் போகின்றன. ஆனால் இந்த இடங்களில் சுவரின் அடித்தளத்தில் இருக்கும் சர்க்கரைப் புரதச் சங்கிலிகளில் சிக்கித் தங்கிவிடுகின்றன. தங்கியவை ஆக்ஸிஜனேற்றம் பெற்றுத் திரிகின்றன. திரிந்ததைப் பார்த்ததும் எண்டோதீலியம் தன் மேற்பரப்பில் வி.கேம்-1 போன்ற ஒட்டுப்புரதங்களை நீட்டுகிறது. கொலஸ்ட்ரால் கொடுத்து வளர்த்த முயல்களில் சிபுல்ஸ்கியும் ஜிம்ப்ரோனும் 1991இல் இதைக் காட்டினார்கள். ரத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்த மோனோசைட் என்ற வெள்ளையணு அந்தப் புரதத்தில் பிடிபட்டு, உருண்டு, நின்று, இரண்டு செல்களின் இடுக்கில் உடம்பை நெளித்து உள்ளே இறங்குகிறது. உள்ளே போனதும் மேக்ரோஃபேஜாக மாறித் திரிந்த கொழுப்பை விழுங்குகிறது. சாதாரணச் செல்லுக்குக் கொலஸ்ட்ரால் போதும் என்றால் வாயை மூடிக்கொள்ளத் தெரியும். மேக்ரோஃபேஜ் திரிந்த கொழுப்பை விழுங்கப் பயன்படுத்தும் வாயிலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. விழுங்கி விழுங்கி, நுண்ணோக்கியில் பார்த்தால் நுரை நுரையாகத் தெரியும் செல்லாகி, கடைசியில் அங்கேயே சாகிறது. செத்ததை அள்ளிப்போட இன்னொரு மேக்ரோஃபேஜ் வருகிறது. அதுவும் சாகிறது. உள்ளே படிகமான கொலஸ்ட்ரால் ஊசிகள் செல்களுக்குள் குத்தி, இன்டர்லூகின்-1 பீட்டா என்ற எச்சரிக்கைச் சுரப்பைக் கிளப்புகின்றன; 2010இல் இது தெரியவந்தது. எச்சரிக்கை கேட்டு மேலும் செல்கள் வருகின்றன.

இதை எழுதும்போது எனக்கு அந்த மேக்ரோஃபேஜின்மேல் கோபம் வரவில்லை. முள் குத்திய இடத்தில் சீழ் கட்டி முள்ளை வெளித்தள்ளும் அதே வேலையைத்தான் அது செய்யப் பார்க்கிறது. முள் ஒன்றுதான், குத்தியதும் முடிந்தது. இங்கே கொழுப்பு தினமும் வந்துகொண்டே இருக்கிறது. முடிவில்லாத ஒரு வேலைக்கு அனுப்பப்பட்ட செல் அது.

அழற்சிதான் தமனி நோயின் இயல்பு என்று முதலில் உரக்கச் சொன்னவர் ருடால்ஃப் விர்ஷோ, 1850களில். உள்சுவருக்குள் நடப்பது ஓர் அழற்சி, கொழுப்பு அதன் பின்விளைவு என்றார். வியன்னாவின் ரோகிடான்ஸ்கி அதை ஏற்கவில்லை. ரத்தத்திலிருந்து வெளிப்படும் உறைபொருள் சுவரில் படிவதுதான் தொடக்கம், அழற்சி பின்னால் வருவது என்றார். 1913இல் புனித பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கோலாய் அனிச்ச்கோவ், சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த கொலஸ்ட்ராலை முயல்களுக்கு ஊட்டித் தமனித் திட்டுகளை உண்டாக்கிக் காட்டியதும் ஆராய்ச்சி கொழுப்பின் பக்கம் சாய்ந்தது. அது தவறான சாய்வு என்று சொல்ல மாட்டேன். கோடிக்கணக்கானவர்களைக் காப்பாற்றிய ஸ்டாட்டின் மாத்திரைகள் அந்தப் பாதையில்தான் வந்தன. ஆனால் விர்ஷோவின் பேச்சு நூறாண்டுக்கு மேல் ஓரத்தில் கிடந்தது. சியாட்டிலில் ரஸ்ஸல் ராஸ் 1970களிலிருந்து, காயத்துக்குச் சுவர் காட்டும் எதிர்வினை என்று இதைப் பேசிவந்தார். 1999 ஜனவரியில் ‘தமனித் தடிப்பு ஓர் அழற்சி நோய்’ என்ற பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. இரண்டு மாதத்தில் அவர் இறந்துபோனார்.

என் சித்தப்பாவுக்கு ஆஞ்சியோ எடுத்த அன்று, மருத்துவர் எங்களைக் கூப்பிட்டுத் திரையில் படத்தை ஓடவிட்டார். சாயம் பாய்ந்த தமனி கறுப்புக் கொடிபோல் துடித்தது. ஓரிடத்தில் கொடி மெலிந்து நூலானது. “எல்.ஏ.டி.யில எண்பது பர்சன்ட் பிளாக், ஐயா. இது நடுவுல ஒண்ணு, இங்க ஒண்ணு. மொத்தம் மூணு” என்றார். சித்தப்பா படுத்தபடியே கேட்டார்: “இது எவ்வளவு நாளா இருக்கு டாக்டர் தம்பி?” மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “உங்க கல்யாணத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும் ஐயா.”

அது பேச்சுக்காகச் சொன்னதில்லை. கொரியப் போரில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்கள் 300 பேரின் இதயத்தை ஆராய்ந்து 1953இல் வெளியிட்டார்கள். சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேருக்கு இதயத் தமனியில் நோயின் அடையாளம் இருந்தது. அவர்களில் யாருக்கும் நெஞ்சு வலித்திருக்காது.

ஆஞ்சியோ காட்டுவது ரத்தம் போகும் வழியின் நிழலை மட்டும்தான். சுவரை அது காட்டுவதில்லை. கிளாகோவ் 1987இல் கண்டறிந்த ஓர் உண்மையை நோயாளிகளுக்குச் சொல்வார் அதிகம் இல்லை. சுவரில் திட்டு வளரும்போது தமனி தன் வெளிவட்டத்தை விரித்துக்கொண்டு வழியை அப்படியே காப்பாற்றுகிறது. தமனியின் குறுக்குப் பரப்பில் 40 சதவீதத்தைத் திட்டு பிடித்துக்கொள்ளும்வரை வழி சுருங்குவதே இல்லை. படத்தில் ‘நார்மல்’ என்று தெரியும் இடத்தில் சுவருக்குள் எவ்வளவோ நடந்துகொண்டிருக்கலாம்.

துருப்பிடித்து அழுக்குச் சேர்ந்து அடைத்துக்கொள்ளும் வீட்டுத் தண்ணீர்க் குழாய் என்ற சித்திரத்தை நாம் எல்லோரும் மனத்தில் வைத்திருக்கிறோம். குழாயென்றால் அடைப்பு 80 ஆனால் ஆபத்து, 30 என்றால் பயமில்லை. எவ்வளவு அடைப்பு என்பதே கேள்வி, அடைப்பை எடுப்பதே வைத்தியம். நிஜத்தில் மாரடைப்புகள் பெரும்பாலும் திட்டு கிழிவதால் வருகின்றன. கொழுப்புக் குழம்பின்மேல் மூடிபோல நிற்கும் நார்ப்படலம் கொலாஜனால் ஆனது. உள்ளே குவிந்த மேக்ரோஃபேஜ்கள் அந்தக் கொலாஜனைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. கிழிந்த திட்டுகளை அளந்தபோது படலம் 65 மைக்ரானுக்கும் மெலிந்திருந்தது; ஒரு மில்லிமீட்டரில் பதினைந்தில் ஒரு பங்கு. கிழிந்ததும் உள்ளிருந்த குழம்பு ரத்தத்தைத் தொடுகிறது, சில நிமிடத்தில் ரத்தம் அங்கே உறைகிறது. 80 சதவீதம் சுருங்கிய, நார் இறுகிய பழைய திட்டு பல ஆண்டு சும்மா இருக்கலாம். 40 சதவீதம்கூடச் சுருங்காத, அழற்சி கனலும் இளம் திட்டு ஒரு காலைப்பொழுதில் கிழியலாம்.

இதனால்தான், மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது உடனடியாக வழியைத் திறப்பது உயிரைக் காக்கிறது. ஆனால் நிலையான நெஞ்சுவலிக்காரருக்கு ஸ்டென்ட் வைப்பது வேறு கதை. 37 நாடுகளில் 5,179 பேரை வைத்து நடந்து 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில், தொடக்கத்திலேயே ஸ்டென்டோ பைபாஸோ செய்ததால் மொத்தத்தில் மரணமோ மாரடைப்போ குறையவில்லை. வலி குறைந்தது, அது சின்ன விஷயமில்லை. ஆனால் உயிருக்கு வைத்த காப்பு என்று நம்பி நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டுகிறவர்களிடம் அந்த வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும்.

அழற்சி நோயின் காரணங்களில் ஒன்றா, உடன்வரும் நிழலா என்ற கேள்விக்கு 2017வரை நேரடியான பதில் இல்லை. பால் ரிட்கரும் குழுவினரும் ஏற்கெனவே மாரடைப்பு வந்த, ரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற அழற்சிக் குறி உயர்ந்திருந்த 10,061 பேரை எடுத்துக்கொண்டார்கள். இன்டர்லூகின்-1 பீட்டாவை மட்டும் மடக்கும் கனாகினுமாப் ஊசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டார்கள். எல்.டி.எல். கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் 150 மில்லிகிராம் போட்டவர்களில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு 15 சதவீதம் குறைந்தது. கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணித்து நோயைத் தணிக்க முடிந்தது. விர்ஷோவுக்கு நூற்றறுபது ஆண்டு கழித்துக் கிடைத்த சாட்சி. கூடவே இன்னொன்றும் நடந்தது: மருந்து எடுத்தவர்களில் தொற்றுநோயால் இறந்தவர்கள் அதிகம். தமனியில் தவறான இடத்தில் கனன்ற அதே தீதான் நிமோனியாவை எதிர்த்தும் எரிய வேண்டியிருந்தது. மொத்த மரணம் குறையவில்லை. விலையும் சாமானியர் நினைத்துப் பார்க்க முடியாதது. அந்த ஊசி இதய நோய்க்கு மருந்தாக வரவில்லை.

வந்தது வேறொன்று. கௌட் எனும் மூட்டு வாதத்துக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்ட கால்ச்சிசின். 1820இலேயே பிரித்தெடுக்கப்பட்ட தாவரப் பொருள். வெள்ளையணுவின் உள்சட்டமான நுண்குழல்களைப் பிடித்து நிறுத்தி அதன் நடமாட்டத்தைக் குறைக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஸ்டெஃபன் நிடார்ஃப் 2013இல் 532 பேரில் சோதித்தார். பிறகு 2019இல் மான்ட்ரியலிலிருந்து 4,745 பேரின் ஆய்வு, 2020இல் ஆஸ்திரேலியா, நெதர்லாந்து இரண்டிலும் 5,522 பேரின் ஆய்வு. தினம் அரை மில்லிகிராம். கடைசி ஆய்வில் இதயச் சம்பவங்கள் 31 சதவீதம் குறைந்தன. 2023இல் அமெரிக்க மருந்துத் துறை இதய நோய்க்கு அனுமதி கொடுத்தது. அடுத்த ஆண்டே, மாரடைப்பு வந்த கையோடு தொடங்கிய 7,062 பேரின் ஆய்வில் பலன் ஏதும் தெரியவில்லை. விவாதம் தொடர்கிறது.

கால்ச்சிசின் நமக்கு அந்நியமான பொருளில்லை. செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது அதுதான். சங்கப் பாடல்களில் பெண்ணின் விரலுக்கு உவமையாகும் அந்தப் பூவை ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி, வேதாரண்யம் பக்கத்து விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்று சொல்லித்தான் பயிரிடுகிறார்கள். கொடி கம்பிப் பந்தலில் இலைநுனியைச் சுருட்டிப் பிடித்து ஏறும். பூவில் மகரந்தத் தாள்கள் சுற்றிலும் விரிந்து நிற்க, சூல்தண்டு செங்கோணத்தில் ஒருபக்கமாக மடங்கி விலகி இருக்கும். தானாகச் சேராது. அதனால் காலையில் பூ விரிந்ததும் பெண்கள் வரிசை வரிசையாகப் போய், மகரந்தத்தைத் தொட்டுச் சூல்முடியில் ஒவ்வொரு பூவாக ஒற்றுகிறார்கள். காய் முற்றியதும் பறித்து உலர்த்தி விதையை எடுத்தால் வியாபாரி வருவார். பெரும்பகுதி வெளிநாட்டு மருந்துத் தொழிலுக்குப் போகிறது. இந்த நோயைப் பற்றி எத்தனையோ படித்தும், அதற்கான மருந்தின் மூலம் என் ஊர்ப் பக்கத்து முள்வேலியில் படர்ந்து நிற்கிறது என்பது எனக்குத் தனியான ஒரு நெகிழ்ச்சியைத் தருகிறது. அந்த நெகிழ்ச்சியோடு ஓர் எச்சரிக்கையும் உண்டு. கண்வலிக்கிழங்கு கொடிய நஞ்சு. அதைத் தின்று இறந்தவர்கள் நம் மாவட்டங்களில் உண்டு. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மாத்திரையே ஆபத்து. கஷாயம், பொடி என்று யாராவது யோசனை சொன்னால் கேட்கக் கூடாது.

அழற்சி என்ற பேச்சு வந்த பிறகு தமிழில் ஒரு புதிய தீங்கும் பரவியிருக்கிறது. ‘கொலஸ்ட்ரால் எதிரியே இல்லை, அழற்சிதான் எதிரி, ஸ்டாட்டினைத் தூக்கி எறியுங்கள்’ என்று சொல்லும் காணொளிகள் கைபேசி கைபேசியாகப் போகின்றன. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு, ஏனென்றால் பாதி உண்மையை வைத்துத்தான் இது நிற்கிறது. பொலிவியாவின் அமேசான் காட்டில் வாழும் சிமானே மக்கள் 705 பேரை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். ஒட்டுண்ணியும் தொற்றும் நிறைந்த வாழ்க்கை. பாதிப் பேருக்குச் சி.ஆர்.பி. உயர்ந்தே இருந்தது. ஆனால் நூற்றுக்கு 85 பேரின் இதயத் தமனியில் சுண்ணாம்புப் படிவமே இல்லை. அவர்களின் எல்.டி.எல். சராசரி 91, நாளில் பெரும்பகுதி நடையும் உழைப்பும். பிறவியிலேயே பி.சி.எஸ்.கே.9 மரபணு பழுதாகி எல்.டி.எல். 28 சதவீதம் குறைந்திருந்த கறுப்பின அமெரிக்கர்களுக்கு இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவு என்று 2006இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். உள்ளே போய்த் தங்கக் கொழுப்பு இல்லையென்றால் ஓட்டம் தடுமாறும் இடமும் சினக்கும் செல்லும் பெரிதாக எதையும் செய்துவிட முடிவதில்லை. ஸ்டாட்டினே அழற்சியையும் சேர்த்துத்தான் குறைக்கிறது, கே.எல்.எஃப்.2வைத் தூண்டுகிறது.

மறுபக்கமும் அதே அளவு உண்மை. உடம்பெங்கும் அழற்சியைக் கிளப்பும் லூபஸ் நோயுள்ள, 35 முதல் 44 வயதுவரையிலான பெண்களுக்கு மாரடைப்பு அதே வயதுப் பிற பெண்களைவிட ஐம்பது மடங்கு அதிகம் என்று பிட்ஸ்பர்க் ஆய்வொன்று 1997இல் சொன்னது. ஃப்ளூ காய்ச்சல் உறுதியான முதல் வாரத்தில் மாரடைப்பு ஆறு மடங்கு கூடுவதாகக் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் கண்டார்கள். முடக்கு வாதத்தால் கைவிரல் கோணிப்போன பெண்மணி வாசலுக்கு வரும்போது நம் மருத்துவர் அவருடைய இதயத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். வயதானவர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போடுவதை நாம் இன்னும் பணக்கார வழக்கமாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஈறில் அழற்சி கண்டு ரத்தம் கசிவதை யாரும் நோயாகவே எண்ணுவதில்லை. விறகடுப்புப் புகையைப் பல்லாண்டு சுவாசித்த பாட்டிகளுக்கு ‘பீடி சிகரெட் உண்டா?’ என்ற கேள்வியோடு வரலாறு முடிந்துவிடுகிறது.

ஓட்டத்தின் பங்கை நேரடியாகக் காட்டும் ஒன்று பைபாஸ் அறுவையில் இருக்கிறது. 1967இல் கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ காலிலிருந்து சிரை ஒன்றை எடுத்து இதயத் தமனிக்கு மாற்றுவழி அமைத்ததிலிருந்து அது வழக்கமான முறையானது. காலில் இருக்கும்வரை அந்தச் சிரைக்கு இந்த நோய் வருவதில்லை. எழுபது வயதிலும், சர்க்கரை இருந்தாலும், கொலஸ்ட்ரால் இருந்தாலும் வராது. அதே சிரையைத் தமனியின் அழுத்தத்துக்கும் துடிப்புக்கும் நடுவே தைத்துவிட்டால் அதன் சுவர் தடிக்கிறது, வெள்ளையணுக்கள் நுழைகின்றன, நுரைச்செல்கள் சேர்கின்றன. பத்து ஆண்டுக்குள் ஏறத்தாழப் பாதிச் சிரைகள் மூடிப்போகின்றன அல்லது கடுமையாக நோயுறுகின்றன. லெனின்கிராடில் வாசிலி கோலெசோவ் 1964இலேயே உள்மார்புத் தமனியை இதயத்தோடு தைத்திருந்தார். அந்தத் தமனியோ பத்தாண்டு கழித்தும் பத்தில் ஒன்பதுக்கு மேல் திறந்தே இருக்கிறது. அதன் எண்டோதீலியம் நைட்ரிக் ஆக்ஸைடைத் தாராளமாகச் சுரக்கும் இயல்புடையது.

பைபாஸ் முடிந்து வீடு திரும்புகிறவர்களில் பலர் ஆறு மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். “அதான் புதுக்குழாய் போட்டாச்சே” என்கிறார்கள். காலில் அறுபது ஆண்டு ஓய்வாக இருந்த சிரை புது இடத்தில் முதல் சில மாதங்களிலேயே சினக்கத் தொடங்குகிறது. அப்போதுதான் அதற்கு ஸ்டாட்டினும் ஆஸ்பிரினும் நடையும் மிகவும் தேவை. தையல் பிரிக்கிற அன்று, காலில் நீளமாக ஓடும் அந்தத் தழும்பைக் காட்டி, அங்கிருந்து எடுத்தது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, அது இனி எதைத் தாங்க வேண்டியிருக்கிறது என்று யாராவது ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொன்னால் அவர்களில் நிறையப் பேர் மாத்திரையை விட மாட்டார்கள்.